மூணு லேயரும் நகராம இருக்கணும்: க்வில்ட் பேஸ்டிங் கேள்வி பதில்

மூணு லேயர் சேர்த்து தைக்கிற ஒட்டுப்போர்வைதான் க்வில்ட். நிறைய பேர் அதோட டாப்பை ஆசையா தைச்சு முடிச்சிடறாங்க, பேஸ்டிங்னு வந்ததும் மடிச்சு அலமாரிக்குள்ள வச்சிடறாங்க. அதனாலதான் இந்த தடவை பேஸ்டிங் பத்தி மட்டும் கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன். டாப்னா துண்டு துண்டா ஒட்டு சேர்த்து தைச்ச மேல் பக்கம், பேட்டிங்னா நடுவுல வர்ற பஞ்சு ஷீட், அப்புறம் அடித்துணி. இந்த மூணும் தைக்கிற வரைக்கும் ஒண்ணா நகராம இருக்க தற்காலிகமா பிடிச்சு வைக்கிறதுதான் பேஸ்டிங்.

கேள்வி: அக்கா, இது என்னோட முதல் க்வில்ட், பேபி சைஸ்தான். நாலு பக்கமும் குண்டூசி குத்திட்டு நேரா மெஷின்ல ஓட்டிடலாமா? பேஸ்டிங் கட்டாயமா?

பதில்: கட்டாயம்தான்மா. மெஷின்ல கீழ இருக்கிற பல்லு அடித்துணியை பின்னாடி இழுத்துட்டே போகும், மேல ஃபுட்டு டாப்பை அழுத்தி பிடிச்சிட்டு இருக்கும், அதனால கீழ் துணி வேகமாவும் மேல் துணி கொஞ்சம் லேட்டாவும் போகும், நடுவுல பஞ்சு வேற. ஒரு லைன்ல தெரியாது, பத்து லைன் தைச்சு ஓரத்துக்கு வர்றப்போ டாப்ல துணி மிச்சமாகி ஒரு மடிப்பா ஒதுங்கி நிக்கும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்துற வாக்கிங் ஃபுட் போட்டா குறையும், சுத்தமா நிக்காது. குண்டூசி வேணவே வேணாம், க்வில்ட்டை சுருட்டி மெஷினுக்குள்ள தள்ளுறப்போ பாதி உருவிக்கிட்டு விழும், மீதி கையை கீறும். ஊக்கு போடுங்க.

கேள்வி: அடித்துணியும் பேட்டிங்கும் டாப்பை விட எவ்ளோ பெருசா இருக்கணும்?

பதில்: ஒவ்வொரு பக்கமும் 3லேர்ந்து 4 இன்ச் அதிகமா. டாப் 60க்கு 72ன்னா அடித்துணி 66க்கு 78 குறையாம வேணும், பேட்டிங் அதே சைஸ்ல இருக்கலாம், இல்லன்னா ஒரு இன்ச் ரெண்டு இன்ச் சின்னதா இருக்கலாம். அடித்துணி ரெண்டு துண்டு சேர்த்ததுன்னா கரையை வெட்டிட்டு சேருங்க, கரை மத்த துணியை விட டைட்டா நெய்திருக்கும், துவைச்சதும் அந்த ஜாயிண்ட் மட்டும் சுருங்கி இழுக்கும். ஜாயிண்ட்டுக்கு உள்ள மிஞ்சுற துணியை ரெண்டு பக்கமும் விரிச்சு அயர்ன் பண்ணுங்க.

கேள்வி: எல்லாம் ஒழுங்கா பண்ண மாதிரிதான் இருந்துச்சு, தரைல விரிச்சு டேப் ஒட்டி ஊக்கு போட்டேன், மேல பாக்க சூப்பர். தைச்சு முடிச்சு திருப்பினா பின்னாடி நாலஞ்சு இடத்துல துணி மடிஞ்சு அது மேலயே தையல் ஓடியிருக்கு. அழுகையே வந்துடுச்சு. எங்க தப்பு?

பதில்: இதே கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பேஸ்டிங்ல சொதப்புறது பெரும்பாலும் ஊக்குலயோ பசை ஸ்ப்ரேலயோ இல்ல, அடித்துணிலதான். அது நம்ம கண்ணுல படாத லேயர், மேல பேட்டிங் போட்டதுக்கு அப்புறம் அங்க என்ன நடக்குதுன்னே தெரியாது. அதனால மொத்த வேலைல பாதி நேரம் அடித்துணிக்கே போனாலும் பரவால்லன்னு வச்சுக்கோங்க.

முதல்ல அடித்துணியை அயர்ன் பண்ணுங்க, மடிப்பு கோடு ஒண்ணு கூட இருக்கக்கூடாது. தரையை துடைச்சு நல்லா காய விட்டுட்டு, நல்ல பக்கம் தரையைப் பாத்த மாதிரி விரிங்க. டேப்பை ஒரு மூலைல ஆரம்பிச்சு சுத்தி ஒட்டிட்டே வராதீங்க, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, கடைசி மூலைல துணி கோணலா மிஞ்சும். மேல் ஓரத்தோட நடுவுல ஒண்ணு, நேர் எதிர்ல கீழ் ஓரத்தோட நடுவுல ஒண்ணு, அப்புறம் இடது நடு, வலது நடு. அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் எதிரெதிரா ஒட்டிக்கிட்டே மூலையை நோக்கி போங்க, மூலை கடைசில. மூலையை குறுக்குவாட்டுல பிடிச்சு இழுத்தா துணி ரப்பர் மாதிரி நீளும், அதனால அங்க கை படுறதே லேசா இருக்கட்டும்.

எவ்ளோ டைட்? இதுதான் எல்லாரும் தடுமாறுற இடம். நடுவுல ஒரு விரலை வச்சு லேசா தள்ளிப் பாருங்க, விரலுக்கு முன்னாடி துணி சின்னதா எழும்பினா லூஸ். டேப் ஒட்டின இடத்துலேர்ந்து மெல்லிசா கோடு கோடா உள்ள ஓடினா ஓவரா இழுத்திருக்கீங்கன்னு அர்த்தம். கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணின்னா இன்னும் ஈசி, கோடு வளையுதான்னு பாத்தாலே போதும்.

லூஸா இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரிஞ்சிடுச்சு, பின்னாடி மடிப்பு. ஓவரா இழுத்தா ஆகுறது வேற: டேப்பை எடுத்ததும் அடித்துணி பழைய சைஸுக்கு சுருங்கும், மேல இருக்கிற டாப் சுருங்காது, உடனே டாப் முழுக்க புசுபுசுன்னு எழும்பி நிக்கும். ஆக திருப்பிப் பாத்து பின்னாடி மடிப்புன்னா அடித்துணி லூஸ், முன்னாடி புசுபுசுப்புன்னா அடித்துணியை இழுத்துட்டீங்க, இல்லன்னா டாப்போட பார்டரே அலை அலையா தைச்சிருக்கு.

பேட்டிங்கையும் டாப்பையும் விரிக்கிறப்போ நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தடவித் தள்ளுங்க, ஓரத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க. எல்லாம் முடிஞ்சு டேப் எடுத்ததும் திருப்பிப் போட்டு ஒரு தடவை பாருங்க. அப்போ மடிப்பு தெரிஞ்சா பத்து ஊக்கை கழட்டி மாட்டுறதோட போச்சு, தைச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சா பிரிக்கணும்.

கேள்வி: ஊக்கு எந்த சைஸ், எவ்ளோ இடைவெளி, மொத்தம் எத்தனை வேணும்?

பதில்: க்வில்ட்டுக்குன்னே முதுகு வளைஞ்ச ஊக்கு வருது, சைஸ் 1 போதும், பேட்டிங் ரொம்ப தடிமன்னா சைஸ் 2. நேர் ஊக்குலயும் பண்ணலாம், ஆனா தரையைத் தொட்டுட்டு மேல வர்றதுக்கு அந்த வளைவு இருந்தா கைக்கு அவ்ளோ சுகம். இடைவெளி ஒரு கைப்பிடி, அதாவது முஷ்டியை எங்க வச்சாலும் ஒரு ஊக்காவது இடிக்கணும், சுமார் 4 இன்ச். அந்த கணக்குல 60க்கு 72 க்வில்ட்டுக்கு 270 கிட்ட வரும். கேட்டா மலைப்பாதான் இருக்கும், ஆனா ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்குல ஓடும்.

நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க. குத்திட்டே மூடாதீங்க, எல்லாத்தையும் திறந்த வாக்குல குத்தி முடிச்சிட்டு கடைசில மொத்தமா மூடுங்க, ஏன்னா மூடுற ஒவ்வொரு தடவையும் துணி கொஞ்சம் நகரும். மூடுறதுக்கு ஒரு டீஸ்பூன் எடுத்துக்கோங்க, ஊக்கோட முனை மேல வந்த இடத்துல ஸ்பூன் விளிம்பைக் குடுத்து நெம்பினா முனை தானா எழும்பும், இன்னொரு கையால தொப்பியை அழுத்தினா க்ளிக்னு மாட்டிக்கும். இல்லன்னா நூறாவது ஊக்குல கட்டைவிரல் செத்துடும். எங்க தைக்கப் போறீங்களோ அந்த லைன் மேல ஊக்கு வராம பாத்துக்கோங்க. கழட்டினதையும் திறந்தே டப்பால போடுங்க, அடுத்த தடவை பாதி வேலை மிச்சம். வீட்ல குட்டி குழந்தை இருந்தா மட்டும் மூடி வைங்க.

மரத்தரைன்னா ஊக்கு முனை கீறும், அடில கட்டிங் மேட்டை நகர்த்தி நகர்த்தி வச்சுக்கோங்க.

கேள்வி: அம்மாடி, எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு, தரைல உக்காரவே முடியாது. இருக்கிறது ஒரு டைனிங் டேபிள், க்வில்ட் அதை விட பெருசு. எனக்கு வழி இருக்கா?

பதில்: இருக்கும்மா, சொல்லப்போனா தரையை விட டேபிள்தான் நல்லது, முதுகுக்கும் சேர்த்து. பேப்பர் கத்தையில மாட்டுற பைண்டர் க்ளிப் ஒரு டஜன் வேணும். டேபிளோட சரியான நடு எதுன்னு பாத்து அங்க ஒரு பல்குத்தும் குச்சியை டேப் போட்டு ஒட்டிடுங்க. அடித்துணியை நாலா மடிச்சு நடு மூலை அந்த குச்சி மேல வர்ற மாதிரி வச்சு பிரிங்க, பேட்டிங்கையும் டாப்பையும் அதே மாதிரி. மேல மூணு லேயர் வந்தாலும் குச்சி கைக்கு தட்டுப்படும், அதனால நடு மாறாது.

அடித்துணியை விரிச்சதும் டேபிள் ஓரத்துல க்ளிப் மாட்டுங்க, அப்புறம் பேட்டிங், அப்புறம் டாப். டேபிள் மேல இருக்கிற பகுதிக்கு மட்டும் ஊக்கு போட்டு முடிச்சிட்டு, க்ளிப்பை கழட்டி க்வில்ட்டை ஒரு பக்கமா நகர்த்துங்க. இங்கதான் கவனம்: ஊக்கு போடாத பக்கத்துல டாப்பையும் பேட்டிங்கையும் தூக்கி ஒதுக்கிட்டு, அடித்துணியை திரும்ப தடவி விட்டு க்ளிப் மாட்டணும். தொங்குற பக்கத்தோட கனமே துணியை இழுத்து நேரா வச்சிடும், ஆனா ஊக்கு போட்ட பக்கம் க்ளிப் மாட்ட முடியாதுன்னா விட்டுடுங்க, எதிர்ப்பக்கம் லேசா மட்டும் இழுங்க. டேபிள் உயரம் பத்தலைன்னா கால்களுக்கு அடில கட்டை குடுத்து தூக்கிக்கோங்க, ஆடாம இருக்கணும் அவ்ளோதான்.

கேள்வி: மேடம், இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஸ்ப்ரே அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிடுது. இன்னும் ஏன் ஊக்கு?

பதில்: தம்பி, ஸ்ப்ரே எனக்கும் பிடிக்கும், இல்லன்னு சொல்லல. தைக்கிறப்போ நடுநடுவுல நிறுத்தி ஊக்கு கழட்ட வேண்டாம், துணி முழுப்பரப்புலயும் ஒட்டியிருக்கும், சின்ன சைஸுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அது அடித்துணி லூஸா இருக்கிறதை சரி பண்ணாது, லூஸாவே ஒட்டி வைக்கும். பெரிய சைஸ்ல டப்பா டப்பாவா காலியாகும்.

ஸ்ப்ரே எடுக்கிறவங்களுக்கு: துணி பேஸ்டிங்குக்குன்னே வர்ற தற்காலிக பசையா பாத்து வாங்குங்க, காகிதம் மரம் ஒட்டுற நிரந்தர ஸ்ப்ரே எடுத்தா க்வில்ட் போச்சு. நிறைய ஸ்ப்ரே சீக்கிரம் தீப்பிடிக்கிற சரக்கு, கிட்டத்துல அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. ஜன்னலை எல்லாம் திறந்து வச்சு மாஸ்க் போட்டுக்கோங்க, முடிஞ்சா வெளிய வச்சே அடிங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்ல இருந்தா நான் ஊக்குதான் சொல்லுவேன், இதுல விவாதமே இல்ல. பசையை பேட்டிங் மேல அடிங்க, துணி மேல இல்ல. பாதியை மடிச்சு வச்சு பாதிக்கு அடிச்சு துணியை கொஞ்சம் கொஞ்சமா தடவி இறக்குங்க. சுத்தி பழைய பேப்பர் போடலைன்னா தரை ஒட்டும், ஒரு வாரத்துக்கு கால்ல தூசி. நிறைய அடிச்சா நல்லா ஒட்டும்னு நினைக்காதீங்க, ஊசில பிசுக்கு ஏறி நூல் அறுந்துட்டே இருக்கும்.

கேள்வி: குழந்தைங்க ஸ்கூலுக்கு யூஸ் பண்ற வெள்ளை பசைல பேஸ்டிங் பண்ணலாம்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம்தான், துவைச்சா போயிடும்னு பாட்டில்ல போட்டிருக்கிற வகை மட்டும். நூல் மாதிரி மெல்லிசா வளைச்சு வளைச்சு விட்டுட்டு அயர்ன் பண்ணி காய வைங்க. கட்டியா விட்டா அந்த இடம் அப்பளம் மாதிரி விறைச்சுக்கும், ஊசி இறங்காது.

கேள்வி: நான் கையால வளையம் மாட்டி க்வில்டிங் பண்றேன், ஊக்கு ஒவ்வொரு தடவையும் வளையத்துல மாட்டிக்குது. என்ன பண்ணலாம் அக்கா?

பதில்: கை வேலைக்கு நூல் பேஸ்டிங்தான் சரி, ஊக்கும் வளையமும் ஒத்தே போகாது. மெஷின்காரங்களுக்கு நேர் எதிர், நீள நூல் ஃபுட்டுல சிக்கிக்கும், தையலுக்கு அடில மாட்டினா உருவ வராது.

நீளமான ஊசி, வெள்ளை இல்லன்னா வெளிர் கலர் காட்டன் நூல். கருப்பு, சிவப்பு நூல் எடுக்காதீங்க, வெளிர் துணில சாயம் விட்டுட்டுப் போகும். 1லேர்ந்து 2 இன்ச் நீளத்துக்கு பெரிய ஓட்டுத்தையல், 4 இன்ச்சுக்கு ஒரு லைன், நெடுக்கும் குறுக்கும் கட்டம் மாதிரி. க்வில்ட் அகலத்தை விட கொஞ்சம் நீளமா நூல் எடுத்து நடுவுல ஆரம்பிங்க, முடிச்சு போடாம பாதி நூலை அப்படியே தொங்க விட்டுட்டு ஒரு ஓரம் வரைக்கும் தைங்க, அப்புறம் தொங்குற பாதியை ஊசில கோத்து எதிர் ஓரத்துக்கு போங்க. நடுவுல முடிச்சே வராது, பிரிக்கிறப்போ சர்ருனு உருவலாம்.

இன்னொண்ணு, கை வேலை மாசக்கணக்குல இழுக்கும், அதுவரைக்கும் ஓரத்துல பேட்டிங் பிஞ்சு பிஞ்சு உதிரும். அதுக்கு மிச்சம் இருக்கிற அடித்துணியை மேல மடிச்சு டாப் ஓரத்தை மூடி ஒரு ஓட்டுத்தையல் போட்டு வச்சுக்கோங்க.

கேள்வி: பேட்டிங் பாக்கெட்லேர்ந்து எடுத்தா ஒரே மடிப்பு. அயர்ன் பண்ணலாமா? நல்ல பக்கம் கெட்ட பக்கம் உண்டா?

பதில்: காட்டன்னா லேசான சூட்டுல பண்ணலாம், பாலியஸ்டர்னா தொடாதீங்க, உருகி தட்டையாகிடும். ரெண்டுக்குமே பொதுவா முதல் நாள் ராத்திரியே பிரிச்சு கட்டில் மேல விரிச்சு விடுறது போதும், மடிப்பு தானா தளர்ந்துடும். ஊசி குத்தி செஞ்ச பேட்டிங்குக்கு பக்கம் உண்டு, ஒரு பக்கம் குட்டி குட்டி பள்ளம், மறு பக்கம் குட்டி குட்டி உருண்டை. பள்ளம் இருக்கிற பக்கம் மேல வரணும், ஊசி அந்த திசைல இறங்கினா பஞ்சு பின்னாடி பிதுங்காது. துண்டு சேர்க்கணும்னா ஓரத்தோட ஓரம் தொட வச்சு ஜிக்ஜாக் போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினா அங்க மேடு தட்டும்.

கேள்வி: க்வில்ட்டை ஃப்ரேம்ல மாட்டி தைக்கிற பெரிய லாங் ஆர்ம் மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்து தைக்கப் போறேன். நான் பேஸ்டிங் பண்ணி அனுப்பணுமா?

பதில்: வேணாம், பண்ணாதீங்க. அதுல மூணு லேயரும் தனித்தனியா உருளைல மாட்டுவாங்க, ஊக்கு போட்டு அனுப்பினா அவங்க உக்காந்து கழட்டணும். டாப்பையும் அடித்துணியையும் அயர்ன் பண்ணி, அடித்துணி எவ்ளோ பெருசா வேணும்னு கேட்டு அனுப்புங்க.

கேள்வி: பேஸ்டிங் பண்ணி அப்படியே எவ்ளோ நாள் வச்சிருக்கலாம்?

பதில்: நூல்னா கவலையே இல்ல. ஸ்ப்ரே நாளாக ஆக பிடிப்பு விடும், சில வாரத்துக்குள்ள தைச்சிடுங்க, லேட்டானா ஓரங்கள்ல மட்டும் கொஞ்சம் ஊக்கு போட்டுக்கோங்க. ஊக்கை மாசக்கணக்குல விடாதீங்க, ஈரக்காத்துல துருப்பிடிச்சா துணில விழுற கறை லேசுல போகாது. மடிச்சு வைக்காம தளர்வா சுருட்டி வைங்க, எடுக்கிறப்போ திருப்பிப் போட்டு பின்பக்கத்தை ஒரு தடவை தடவிப் பாத்துட்டு மெஷின்ல உக்காருங்க.