மாமனாரின் பைபாப் மெஷினை அம்மாவுக்கு மாட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தை மாதம் களத்தில் நெல் தூற்றிய அன்று ராத்திரி மூச்சு முட்டி, பேசவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெபுலைசர் வைத்தும் அடங்காததால் முகத்தில் ஒரு மாஸ்க்கை இறுக்கிக் கட்டி மெஷினோடு இணைத்தார்கள். விடிவதற்குள் தேறிவிட்டார். காலமான என் மாமனாருக்கு வாங்கிய பைபாப் மெஷின் வீட்டில் சும்மா இருக்கிறது. அடுத்த முறை வந்தால் அதையே அம்மாவுக்கு மாட்டலாமா?
- மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மாட்டாதீர்கள். அம்மாவுக்கு இளைப்பு கடுமையாக வந்தால் அந்த மெஷினை எடுக்கும் நேரத்தில் வண்டியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் நல்லது செய்த கருவி வீட்டில் ஏன் ஆபத்து என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அந்தப் பதற்றத்தில் கை அந்தப் பக்கம் போகாது.

நெஞ்சு நிறையக் காற்றை இழுங்கள். அதை வெளியே விடாமல், அதன்மேல் இன்னும் இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் அம்மா அன்று ராத்திரி முழுக்க அந்த நிலையில்தான் இருந்தார். இளைப்பு என்கிற ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி அடைக்கிறது. காற்று எப்படியோ உள்ளே போய்விடும், வெளியேறத்தான் வழியில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி நெஞ்சு உப்பிவிடுகிறது. உப்பிய நெஞ்சை மேலும் விரிக்கப் போராடும் தசைகள் மணிக்கணக்கில் உழைத்துச் சோர்ந்துபோகின்றன.

பைபாப் மெஷின் அந்தத் தசைகளுக்குக் கைகொடுக்கிறது. மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். விடும்போது குறைவான அழுத்தத்துக்கு இறங்கும். தொண்டைக்குள் குழாய் போடாமல் மாஸ்க் வழியாகவே இந்த உதவி கிடைக்கிறது. ஆனால் அது வீக்கத்தை வற்ற வைக்காது, சளியைக் கரைக்காது. அந்த வேலை மருந்துகளுடையது. நெபுலைசரில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும், அதோடு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் நரம்பில் மெக்னீசியம் என்று கொடுப்பார்கள். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை நோயாளி களைத்து விழாமல் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் மாஸ்க்.

உங்கள் மாமனாருக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர் விஷயம் வேறாக இருந்திருக்கும். பெரும்பாலும் புகைப்பழக்கத்தால் வருகிற சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், ரத்தத்தில் கரியமிலவாயு ஏறிப்போனவர்களுக்கு இந்த மெஷின் உயிர் காக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. அப்படிச் சிலருக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் எழுதிக் கொடுக்கிறோம். கடும் ஆஸ்துமாவுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. நடந்த ஆய்வுகள் சில, சேர்ந்த நோயாளிகளும் குறைவு. ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2017இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, ஆஸ்துமாவுக்கு இதைப் பரிந்துரைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தக்க நோயாளிக்கு, பக்கத்தில் ஆள் நின்று கவனிக்க முடிந்தால், முயன்று பார்க்கலாம் என்பதே என் கருத்து.

பக்கத்தில் ஆள் நிற்பது என்றால் என்ன? நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் மாஸ்க்கைக் கட்டாமல் கையாலேயே முகத்தில் பிடித்துக்கொண்டு, மெஷினோடு மூச்சு ஒத்துப்போகும்வரை பேச்சுக் கொடுப்போம். அதற்குப் பிறகுதான் பட்டை. அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்குவோம்: இழுக்கையில் 8 முதல் 10, விடுகையில் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீர் அளவு. நெபுலைசர் அதே குழாயில் தொடரும். ரத்தத்தில் கரியமிலவாயு எவ்வளவு என்று பார்க்க மணிக்கட்டில் ஊசி குத்தித் தமனி ரத்தம் எடுப்போம். "திரும்பத் திரும்ப ஏன் குத்துறீங்க?" என்று உறவினர்கள் கோபப்படுவதும் உண்டு. இளைப்பின் தொடக்கத்தில் வேகமாக மூச்சு வாங்குவதால் கரியமிலவாயு குறைந்துதான் இருக்கும். இளைப்பு அடங்காமலே அது 'நார்மல்' அளவுக்கு வந்துவிட்டதென்றால் நோயாளி களைக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. நிலைமை மோசமானால் உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். மயக்கம் தட்டுபவர், வாந்தி எடுப்பவர், மாஸ்க்கைப் பிய்த்து எறிபவர் ஆகியோருக்கு இது கூடாது. மாஸ்க்குக்கு ஒத்துழைக்க வைப்பதற்காகத் தூக்க ஊசி போடுவதும் தவறு.

இவற்றில் எது வீட்டில் முடியும்? மாமனாரின் நோய்க்கென்று அமைத்த அழுத்தம் அந்த மெஷினில் அப்படியே இருக்கும். ஏற்கெனவே உப்பிய நுரையீரலில் அது அதிகமானால் ரத்த அழுத்தம் சரியலாம். நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்குள் காற்று கசியலாம். மின்சாரம் நின்றால் முகத்தை மூடிய மாஸ்க்குக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். 2018 கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. மாஸ்க் மாட்டியதும் அம்மா கொஞ்சம் அமைதியாகத் தெரிவார். "காலையில் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். அந்த அமைதி களைப்பாகவும் இருக்கலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சால்பூட்டமால் பம்ப்பை ஸ்பேசரில் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குடுவை) பொருத்தி 4 முதல் 10 தடவை கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்து, அதை நாலைந்து மூச்சில் இழுக்கட்டும். அடங்காவிட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம், வண்டியில் போய்க்கொண்டே. உங்கள் டாக்டர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆக்சிஜன் 92க்குக் கீழே, பேச்சு குழறித் தூங்கி வழிகிறார் என்றால் பம்ப் வேலை செய்கிறதா என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். நெஞ்சில் கேட்கும் விசில் சத்தம் திடீரென நின்றும் மூச்சுத் திணறல் குறையவில்லை என்றால், காற்றே போய்வரவில்லை. அதைக் குணமென்று நினைத்துவிடாதீர்கள்.

அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, பதர், வைக்கோல், கொள்முதல் நிலையத்துச் சுணை எல்லாம் அம்மாவுக்கு ஆகாது. தை, மாசியில் களத்து வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, இளைப்பு இல்லாத மாதங்களிலும் நிறுத்தக் கூடாது. "பம்ப் பழகிவிடும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு நிறுத்தியவர்களைத்தான் நான் ஐசியூவில் அதிகம் பார்க்கிறேன். டிஸ்சார்ஜின்போது கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையும் சொன்ன நாள்வரை போட்டு முடிக்கட்டும்.

மாஸ்க் தேவைப்படும் அளவுக்கு ஒருமுறை இளைப்பு வந்தவருக்கு, அடுத்ததும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். எனவே டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பம்ப்பும் ஸ்பேசரும் இருக்கும் பையிலேயே வையுங்கள். தஞ்சாவூரோ திருவாரூரோ எங்கே போனாலும், அவசரப் பிரிவு வாசலில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "போன தடவை பைபாப் வெச்சாங்க." அதைக் கேட்டால் டாக்டர் உங்கள் அம்மாவை வரிசையில் நிற்க வைக்க மாட்டார்.