சேரன்மாதேவியில் வயலோரம் வணிக வளாகம் வந்தால், அனுமதி தருவது பேரூராட்சி மட்டும்தானா?

இல்லை. பேரூராட்சி தரும் கட்டட அனுமதி வேறு, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வாங்க வேண்டிய திட்ட அனுமதி வேறு. எதற்காகக் கட்டுகிறார்கள், அந்த இடம் அதற்குத் தோதானதா, ஊரின் வருங்கால வளர்ச்சிக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சொல்கிறது 49ஆம் பிரிவு. சாலை அகலம், வண்டி நிறுத்தும் இடம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் எல்லாம் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இல் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். அந்த வயல் கன்னடியன் கால்வாய் பாயும் நஞ்சை. நடுவில் ஒரு கிளை வாய்க்காலை மண் போட்டு மூடினாலும் கீழ்மடைக்காரர் பயிர் காய்ந்துவிடும். நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புல வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நகலோடு, திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன்பே கொடுத்துவிடுங்கள்.