கம்பெனி ஒயரை வெட்டாமல் கார் ஸ்டீரியோ மாட்டலாம்

வாசகர் கேள்வி - பதில்

காரில் ஸ்டீரியோவைத் தாங்களே மாட்டிக்கொள்ள நினைப்பவர்களும், மாட்டிவிட்டுச் சிக்கலில் இருப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

என்னுடையது 10 வருடப் பழைய ஹேட்ச்பேக். சி.டி. பிளேயர் போய்விட்டது. புளூடூத் உள்ள டபுள் டின் செட்டை நானே மாட்ட ஆசை. கம்பெனி ஒயரை வெட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி இல்லையா?
- வாசகர், திண்டுக்கல்

இருக்கிறது. அதுதான் சரியான வழியும்கூட. உங்கள் கார் மாடலுக்கென்றே ஹார்னஸ் கப்ளர் விற்கிறார்கள். அதன் ஒரு முனை காரின் கப்ளரில் அப்படியே செருகிக்கொள்ளும். மறுமுனையில் ஒயர்கள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒயர்களையும் புது செட்டோடு வந்த ஒயர்களையும் வீட்டு மேஜையில் வைத்தே இணைத்துவிடலாம். காருக்குள் செருகும் வேலை மட்டும்தான். நாளைக்குக் காரை விற்கும்போது பழைய செட்டையே திரும்ப மாட்டவும் முடியும். கம்பெனி ஒயரை வெட்டிவிட்டால் டேஷ்போர்டுக்குள் குட்டையாக ஒரு துண்டுதான் மிஞ்சும். அடுத்த முறை ஜாயிண்ட் போடக் கைகூட நுழையாது.

வாங்கும் முன் அளவு பாருங்கள். டின் என்பது செட்டின் முகப்பு அளவைச் சொல்லும் தரம். சிங்கிள் டின் செட்டின் முகப்பு 180 × 50 மி.மீ., டபுள் டின் 180 × 100 மி.மீ. டொயோட்டா கார்கள் பலவற்றில் துவாரம் 200 மி.மீ. அகலம் இருக்கும், அங்கே 180 மி.மீ. செட்டை வைத்தால் இரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி தெரியும், அதை அடைக்கத் தனிப் பட்டை வாங்க வேண்டும். முகப்பைப் போலவே ஆழமும் முக்கியம். சி.டி. உள்ள செட்டுகள் நீளமானவை. பின்னால் ஏ.சி. குழாயும் ஒயர்க் கட்டும் இருப்பதால் செட் உள்ளே போகாமல் ஒரு விரல்கடை வெளியே நிற்கும். அப்போது அதைத் தள்ளி அழுத்தினால் ஏதோ ஓர் ஒயர் நசுங்கும்.

வெளியில் வாங்கும் செட்டுகளில் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் வரும். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவியை ஏ.சி.சி. நிலைக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபயருக்கு. ஸ்பீக்கர் ஒயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இந்த நான்கில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இது செட்டின் பக்கத்து நிறம் மட்டுமே. காரின் பக்கத்து நிறத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும், அதை மல்டிமீட்டரால் பார்க்காமல் நம்பக் கூடாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சாவியை எடுத்துவிட்டு, 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, 10 நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது: தொடாதீர்கள், மீட்டர் வைக்காதீர்கள். அடுத்து, பேனலை பிளாஸ்டிக் டிரிம் டூலால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் பல் பதிந்த தழும்பு நிரந்தரமாகிவிடும். ஒரு கிளிப் 'டக்' என்று விட்டதும் அடுத்ததற்கு நகருங்கள். எங்காவது விடாமல் பிடித்தால் அங்கே மறைவாக ஒரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம், ஏ.சி. குமிழுக்குப் பின்னாலும் ஆஷ்டிரேக்கு மேலும் தேடுங்கள். பேனல் கையோடு வந்ததும் இழுத்துவிடாதீர்கள். பின்னால் ஹசார்ட் சுவிட்சின் கப்ளர் மாட்டியிருக்கும், அதைக் கழற்றிய பிறகே பேனலை ஓரமாக வையுங்கள்.

ஜாயிண்டைப் பொறுத்துதான் எல்லாம். 1.5 செ.மீ. உறையை உரித்து, முதலில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, அதாவது சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் உறையை, ஒயரில் கோத்துக்கொண்டு (பலரும் மறப்பது இதைத்தான்), இரண்டையும் முறுக்கி, சால்டர் வைத்து, ஸ்லீவை ஜாயிண்டின் மேல் இழுத்துச் சூடு காட்டுங்கள். வெறும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டு ஒயரிங்கில்கூட நல்லதல்ல. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை உருகி வழிந்து, சில மாதத்தில் டேப் தானாகச் சுருண்டு நழுவும். பிறகு வெறும் ஒயரும் வெறும் ஒயரும் உரசும். மஞ்சள் ஒயரில் இது நடந்தால் ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

எல்லாம் செருகிய பிறகு, பேனலைப் பூட்டும் முன்பே பேட்டரியை இணைத்து நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

புது செட் நன்றாகப் பாடுகிறது. ஆனால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தால் கடிகாரம், எஃப்.எம். நிலையங்கள், புளூடூத் எல்லாம் மறந்துபோகிறது. செட்டில் கோளாறா?
- வாசகி, ஈரோடு

செட்டில் கோளாறு இல்லை. மஞ்சளும் சிவப்பும் மாறிப்போயிருக்கின்றன. நினைவுக்குத் தேவையான மின்சாரம் மஞ்சளில் வருகிறது. அதைச் சாவியோடு அணையும் ஒயரில் கொடுத்திருப்பதால் ஒவ்வொரு முறையும் செட் புதிதாகப் பிறக்கிறது. பல கார்களில் வரும் பொதுத் தரமான ஐ.எஸ்.ஓ. கப்ளரில் 4-ஆம் பின் நிரந்தர 12 வோல்ட், 7-ஆம் பின் சாவியோடு வருவது, 8-ஆம் பின் எர்த். சில ஐரோப்பியக் கார்களில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். அதனால் பல ஹார்னஸ்களில் மஞ்சள், சிவப்பு ஒயர்களின் நடுவில் செருகிக் கழற்றும் ஜாயிண்ட் வைத்திருப்பார்கள். இரண்டையும் கழற்றிக் குறுக்காகச் செருகினால் போதும். மாற்றும் முன், சாவி இல்லாதபோது எதில் 12 வோல்ட் வருகிறது என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தச் சத்தமும் ஏறுகிறது. ஃபில்டர் போட்டால் போகுமா?
- வாசகர், நாகர்கோவில்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரின் சத்தம். ஃபில்டர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். கறுப்பு ஒயரைப் பெயின்ட் பூசிய ஸ்க்ரூவிலோ, பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூவிலோ மாட்டியிருப்பார்கள். பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்த இடத்தில் ரிங் டெர்மினல் வைத்து இறுக்குங்கள்.

தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் வேறு ஒரு சோதனை உண்டு. செட்டிலிருந்து ஒலியைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரில் செருகிய ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது ஒயர் வழியாகவோ செட் பக்கத்திலிருந்தோ வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் பவர் ஒயரையும் பாருங்கள். ஆர்.சி.ஏ. ஒயரும் பவர் ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டி ஓடக் கூடாது. ஒன்று ஓட்டுநர் பக்கம் போனால் மற்றது எதிர்ப்பக்கம் போகட்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தால், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது சத்தத்துக்காக அல்ல. அந்த ஒயர் எங்காவது உரசிக் காரின் உடம்பில் பட்டால் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

பெட்டியில் 50 வாட்ஸ் × 4 என்று போட்டிருக்கிறது. ஆனால் பழைய செட்டைவிடச் சத்தம் பெரிதாகக் கூடவில்லையே?
- வாசகர், தஞ்சாவூர்

கூட வாய்ப்பில்லை. எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52. பெட்டியில் போட்ட 50 அங்கிருந்து வருகிறது: சத்தம் முழுக்கச் சிதைந்து சதுர அலையாகும்போது கிடைக்கிற வாட்ஸ் அது. சிதையாத ஒலிக்கு இதில் பாதி, அதாவது 26-தான் உச்சம். சர்க்யூட்டில் இழப்பது போக 20-ஐ ஒட்டி நிற்கும். உங்கள் பழைய செட்டும் இதே 14.4 வோல்ட்டில்தான் ஓடியது. நல்ல ஸ்பீக்கருக்குச் செலவு செய்தால் வித்தியாசம் காதில் தெரியும்.

கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினேன். பாட்டு தெளிவாக இருக்கிறது, ஆனால் பேஸ் காணாமல் போய்விட்டது.
- வாசகர், சேலம்

ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. செட்டில் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் பேஸ் அதிகமாகக் கேட்டால் சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் தவறு என்று அறிய 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். செட்டின் பின்னால் ஹார்னஸைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பேட்டரியின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரானால் கூம்பு வெளியே துள்ளும், மாறியிருந்தால் உள்ளே போகும். கதவு கிரில்லைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரைக் காரின் உடம்பில் எர்த் செய்துவிடாதீர்கள். இன்றைய செட்டுகளில் அந்த ஒயரிலும் மின்னழுத்தம் உண்டு. எர்த்தில் பட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. போய்விடும்.

பெரிய திரை ஆண்ட்ராய்டு செட் போட்டதிலிருந்து, வண்டியை ஒரு வாரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதியதுதான்.
- வாசகர், காரைக்குடி

செட் தூங்காமல் விழித்திருக்கிறது. சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளை மூடி, சாவியைத் தள்ளி வைத்து, நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது கதவைத் திறக்கவோ சாவியைப் போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அரை மணி நேரம் கழித்து அளவைப் படியுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 250 காட்டினால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர் போகிறது. சிறிய காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே நாளில் பாதி காலி. அப்போது செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸை உருவிப் பாருங்கள். அளவு சட்டென்று இறங்கினால் கோளாறு செட்டில்தான்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து நிரந்தர மின்சாரத்தில் கட்டியிருப்பார்கள். அதைப் பிரித்துச் சிவப்பை ஏ.சி.சி.க்குக் கொடுங்கள். அல்லது செட்டின் அமைப்புகளில், சாவியை எடுத்த பிறகும் நாள்கணக்கில் உறங்கு நிலையில் இருக்கும்படி வைத்திருப்பார்கள். முழுதாக அணையும் நேரத்தைக் குறைத்து வையுங்கள். மறுபடி ஸ்டார்ட் ஆகச் சில நொடி கூடும், அவ்வளவுதான்.

எஃப்.எம். மட்டும் இரைகிறது. பழைய செட்டில் நன்றாக எடுத்தது.
- வாசகர், விழுப்புரம்

உங்கள் கூரை ஏரியலுக்குள் சிறிய பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டின் நீல ஒயரை ஹார்னஸில் உள்ள நீல ஒயரோடு இணையுங்கள். ஹார்னஸில் அப்படி ஒயரே இல்லை என்றால், மின்சாரத்தை ஏரியல் ஒயர் வழியாகவே அனுப்பும் அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.