உளவுத்துறையிலிருந்து ராஜ்பவன் – கடிதம்

வணக்கம்ங்க.

நாங்கள் கவுந்தப்பாடிப் பக்கம். மகன் பி.இ. முடித்துவிட்டு, மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் ஏ.சி.ஐ.ஓ. (உதவி மத்திய உளவு அதிகாரி) தேர்வுக்குப் படிக்கிறான். ஹைதராபாத்தில் கவர்னராக இருந்த நரசிம்மன் ஐ.பி.யில் இருந்து போனவர்தான், உன் பையனும் அப்படி வரலாம் என்கிறார் என் மச்சான். நடக்குங்களா? உளவு பார்த்தவர்களை ஏன் கவர்னராகப் போடுகிறார்கள்? ஊருக்குள் விசாரிக்க வரும் எஸ்.பி.சி.ஐ.டி.காரர்களும் இவர்களும் ஒன்றுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். எஸ்.பி.சி.ஐ.டி., கியூ பிராஞ்ச் இரண்டும் தமிழ்நாடு காவல்துறையின் பிரிவுகள். ஐ.பி. மத்திய உள்துறையின் கீழ் வருவது, 1887இல் தொடங்கியது. அதற்குக் கைது செய்யவோ எஃப்.ஐ.ஆர். போடவோ அதிகாரம் இல்லை. தகவலைச் சேர்ப்பது, இன்னொரு தகவலோடு ஒத்துப்பார்ப்பது, எழுதி மேலே அனுப்புவது, அவ்வளவுதான். பிடிக்க வேண்டியது உள்ளூர் போலீஸ். கோளாறு வருவது இந்த இடைவெளியில்தான். 'கூட்டத்தில் அசம்பாவிதம் நடக்கலாம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு தாள் வந்தால் ஸ்டேஷனில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தெரு, எத்தனை மணி, யார் என்று இருந்தால்தான் ஆள் நகரும். 1998 பிப்ரவரி 14இல் கோவையில் குண்டுவெடித்து 58 பேர் செத்த பிறகு, தகவல் இருந்ததா, இருந்தும் விட்டார்களா என்று நம் பக்கத்தில் வருஷக்கணக்கில் பேசியது இதைத்தான்.

இனி நரசிம்மன். முழுப்பெயர் எக்காடு ஸ்ரீனிவாசன் லட்சுமி நரசிம்மன். தமிழ்நாட்டில் பிறந்தவர், 1968 ஐ.பி.எஸ். பேட்ச், ஆந்திர கேடர். உங்கள் மச்சான் விட்டுவிட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது: அவர் ஐ.பி.க்குப் பரீட்சை எழுதிப் போனவர் அல்ல. ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரைப் பணியின் தொடக்கத்திலேயே ஐ.பி.க்கு எடுத்து அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அப்படி 1972இல் உள்ளே போனவர். நடுவில் 1981 முதல் 1984 வரை மாஸ்கோ தூதரகத்தில் முதல் செயலாளர். 2005இல் ஐ.பி. இயக்குநர், 2006 கடைசியில் ஓய்வு, அடுத்த மாதமே, 2007 ஜனவரியில், சத்தீஸ்கர் ஆளுநர். 2009 டிசம்பர் கடைசியில் என்.டி.திவாரி விலகியதும் ஆந்திரா கூடுதல் பொறுப்பாக வந்து, பிறகு அதுவே நிரந்தரமானது. 2014 ஜூன் 2 முதல் தெலங்கானாவும் சேர்ந்தது. ஒரே ஆளை இரண்டு மாநிலத்துக்கு ஆளுநராக வைக்க அரசியலமைப்பின் 1956ஆம் ஆண்டு ஏழாவது திருத்தம் வழி செய்திருக்கிறது. 2019 செப்டம்பரில் தெலங்கானாவில் அவர் இடத்துக்கு வந்தவர் தமிழிசை சௌந்தரராஜன்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. 1980-83இல் ஐ.பி. தலைவராக இருந்த டி.வி.ராஜேஸ்வர் பிறகு சிக்கிம், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் என்று மூன்று ராஜ்பவன் பார்த்தார். இன்னொரு முன்னாள் ஐ.பி. தலைவர் எம்.கே.நாராயணன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்து 2010இல் கல்கத்தா போனார். 2021இல் நம் மாநிலத்துக்கு வந்த ஆர்.என்.ரவியும் ஐ.பி.யில் பல வருஷம் இருந்தவர்.

ஏன் இவர்களைப் போடுகிறார்கள்? சட்டம் கேட்பது இரண்டுதான்: இந்தியக் குடிமகன், 35 வயது முடிந்தவர். மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷனின் 1988 அறிக்கை, வெளிமாநிலத்தவராக, அண்மைக்காலத்தில் தீவிர அரசியலில் இல்லாதவராக இருக்கட்டும் என்றது. ஓய்வுபெற்ற அதிகாரி அந்த அளவுகோலுக்குள் சுலபமாக அடங்கிவிடுவார். ஆனால் அசல் காரணம் வேறு என்பது என் எண்ணம். ஆளுநர் மாநில நிலவரம் பற்றிக் குடியரசுத் தலைவருக்கு அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். நாற்பது வருஷம் அறிக்கை எழுதியே பழகிய கைக்கு அது புது வேலையே அல்ல. டெல்லிக்கும் அந்தக் கைதான் வேண்டும்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஐ.பி.யில் எழுதுவது யாருக்கும் தெரியாது, அதற்கு ஊருக்குப் பதில் சொல்லவும் வேண்டாம். ஆளுநர் செய்வதெல்லாம் பகிரங்கம். அதோடு அரசியலமைப்பின் 163ஆம் பிரிவின்படி அமைச்சரவை சொல்வதைக் கேட்டுத்தான் பெரும்பாலும் நடக்க வேண்டும். 2014 மார்ச் 1இல் ஆந்திராவில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது, ஜூன் வரை கோப்புகள் நேரே நரசிம்மன் மேஜைக்கு வந்தன. அதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. கஷ்டம் அதற்குப் பிறகு. 2015 பிப்ரவரியில் நாகார்ஜுனசாகர் வலது கால்வாய்த் தண்ணீருக்காக இரண்டு மாநிலப் போலீசும் அணை மேலேயே மல்லுக்கு நின்றன. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி முறைக்கு நடக்கும் சண்டை தெரிந்தவர்களுக்கு அது புரியும், என்ன, அங்கே சண்டை போட்டவர்கள் சீருடையில் இருந்தார்கள். அவர் இரண்டு முதல்வர்களையும் ராஜ்பவனுக்கு வரவழைத்துப் பேசவைத்தார். அதே வருஷம், ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, அப்போது இரண்டுக்கும் பொதுத் தலைநகராக இருந்த ஹைதராபாத்தின் சட்டம் ஒழுங்கை ஆளுநர் கையில் எடுக்கட்டும் என்று ஆந்திரத் தரப்பு கேட்டது, தெலங்கானா கூடாது என்றது. அவர் எடுக்கவில்லை. தெலங்கானா பக்கம் சாய்கிறார் என்று ஆந்திர அமைச்சர்கள் ஏசினார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லிப் பழகாத உத்தியோகம் பார்த்தவருக்கு இதைச் சமாளிப்பது லேசல்ல.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.சி.ஐ.ஓ. கிரேடு 2 என்பது லெவல் 7 சம்பளம், ஆரம்ப அடிப்படை 44,900. அதில் சேர்ந்து பதவி உயர்வில் மேலே போகலாம். இயக்குநர் நாற்காலி மட்டும் ஐ.பி.எஸ்.காரர்களுக்கே போவது வழக்கம். கவர்னர் கனவு இருந்தால் அவன் எழுத வேண்டியது யு.பி.எஸ்.சி.

இந்தத் தேர்வே போதும் என்றால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது சான்றிதழ். இட ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி., கிரீமி லேயர் (வசதியான பிரிவு) அல்லாதவர் என்று தனியாக வாங்க வேண்டும். அதற்கான 8 லட்ச வருமான வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. காடு தோட்டம் இருக்கிறதே என்று பயந்து பொதுப்பிரிவில் போட்டுவிடாதீர்கள். பொதுப்பிரிவில் வயது 27 வரைதான், ஓ.பி.சி.க்கு இன்னும் 3 வருஷம் உண்டு.

இரண்டாவது, எழுத்து. முதல் கட்டம் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அதை பி.இ. பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். இரண்டாம் கட்டம் 50 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்திலும் கட்டுரையிலும் எழுதிக் காட்டுவது. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. தினமும் ஒரு செய்தியை எடுத்து, கண்ணால் பார்த்தது எது, ஒருவர் சொன்னது எது, எழுதியவரின் ஊகம் எது என்று பிரித்து இருநூறு வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். ஈரோடு மஞ்சள் விலைச் செய்தியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.