கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கல் வாங்கல் மென்பொருளை நாமே எழுதிக்கொள்ளலாமா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி: 22 ஆயிரம் புத்தகங்கள், 1,500 மாணவர்கள், இன்றுவரை எல்லாம் பேரேட்டில். எம்.சி.ஏ. படிக்கும் மாணவர் ஒருவர் தன் புராஜெக்டாக மென்பொருள் எழுதித் தருகிறேன் என்கிறார். எழுதச் சொல்வதா, கோஹா என்ற இலவச நூலக மென்பொருளைப் போடுவதா என்று கேட்கிறீர்கள்.

கோஹா போடுங்கள். நான் 2011இல் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் சொந்தமாக ஒன்று எழுதி ஐந்து வருடம் ஓட்டினேன். 2016இல் கோஹாவுக்கு மாறினேன். ஏன் மாறினேன் என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் வந்துவிடும்.

புத்தகம் கொடுப்பதை எழுதுவது சுலபம். அட்டையைப் படி, புத்தகத்தின் பார்கோடைப் படி, தேதியைப் போடு, முடிந்தது. உங்கள் மாணவர் இதை ஒரு வாரத்தில் எழுதிக் காட்டிவிடுவார், எல்லாருக்கும் பிடிக்கும். சிக்கலெல்லாம் புத்தகம் திரும்பி வரும்போதுதான்.

ஒரு ஏப்ரல் மாதம், நோ டியூ (நிலுவை இல்லை) கையெழுத்துக்காக வரிசை வாசல் வரை நின்றது. மூன்றாம் வருட வேதியியல் மாணவர் ஒருவர் பெயரில் கரிம வேதியியல் புத்தகம் ஒன்று நிலுவை என்று திரையில் காட்டியது. "சார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனேன்" என்றார். நான் திரையைக் காட்டினேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் புத்தக விலை 640 ரூபாயைக் கட்டிவிட்டுப் போனார். ஆகஸ்டில் இருப்புச் சரிபார்க்கும்போது அந்தப் புத்தகம் இயற்பியல் ரேக்கில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. யாரோ ஸ்கேன் செய்யாமல் எடுத்துக்கொண்டு போய் அடுக்கியிருக்கிறார்கள். மாணவரைத் தேடிப் பிடித்தபோது திருப்பூரில் வேலையில் இருந்தார். பணத்தை அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை இரண்டு முறை சொல்லியும் எழுந்து போய் ரேக்கைப் பார்க்காமல் இருந்தேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

அதன்பிறகு நான் கற்றுக்கொண்டது, கையில் இருக்கும் புத்தகம்தான் உண்மை, கணினியில் இருப்பது நாம் கடைசியாக எழுதி வைத்த ஒரு குறிப்பு மட்டுமே. புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருள் நல்லதா கெட்டதா என்பது, இந்த இரண்டும் மோதும்போது அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

என் மென்பொருள் என்ன செய்தது? ஒரு மாணவி ரேக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வருகிறார். கணினியில் அது வேறொருவர் பெயரில் இருக்கிறது. "ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது" என்று சிவப்பில் காட்டிவிட்டு மறுத்துவிடும். புத்தகம் நம் கண் முன்னால் இருக்கிறது, ஆனால் கொடுக்க முடியாது. உதவியாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துவிட்டுக் கொடுத்தனுப்புவார். அந்தச் சீட்டு சாயங்காலத்துக்குள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதே இடத்தில் கோஹா, இது இன்னார் பெயரில் இருக்கிறது, அவரிடமிருந்து வரவு வைத்துவிட்டு இவருக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் இரண்டையும் செய்துவிடும். அந்த ஒரு கேள்வியில் பழைய மாணவரின் நிலுவையும் தீர்ந்துவிடுகிறது.

மாணவர் "கொடுத்துவிட்டேன்" என்று சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளவும் கோஹாவில் இடம் இருக்கிறது. அப்படிக் குறித்தவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ரேக்கில் தேடலாம். எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை காலை வேலை இது. அந்தப் புத்தகத்துக்கு உரிய இடத்தில் மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள், மேல் கீழ் தட்டும் பக்கத்து ரேக்குகளும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், திருப்பும்போது உறுப்பினர் அட்டை கேட்கவே கூடாது. புத்தகத்தின் பார்கோடு ஒன்றே போதும், யார் எடுத்தார் என்பது கணினிக்குத் தெரியும். நண்பர் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கணினி வருவதற்கு முன்னால் நம் நூலகங்களில் இருந்த பிரவுன் முறையிலும் இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நூலகர் நினா பிரவுன் வகுத்தது அது. புத்தகத்தின் சீட்டை உறுப்பினரின் சிறு பையில் செருகித் திருப்ப வேண்டிய தேதிவாரியாக டிரேயில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அதில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்து, அந்தத் தேதிக்குரிய வரிசையில் சீட்டைத் தேடி எடுப்பார்கள். பழைய நூலகர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போய் நொடியில் எடுத்துவிடுவார்கள். அந்த வேகம் நம் மென்பொருளில் இருக்கிறதா என்பதுதான் நான் வைக்கும் முதல் சோதனை.

தரவுத்தளத்தின் அட்டவணை அமைப்பில் உங்கள் மாணவர் செய்யக்கூடிய தவறு இரண்டு. இரண்டையும் நான் செய்தேன். முதலாவது, புத்தகத்தையும் பிரதியையும் ஒன்றாக வைப்பது. ஒரே பாடநூல் பத்துப் பிரதி இருந்தால் தலைப்பு ஒரு பதிவு, பிரதி பத்துப் பதிவு. ஒவ்வொரு பிரதிக்கும் தனி அக்சஷன் நம்பர் (நூலகச் சேர்க்கை எண்), தனி பார்கோடு, தனி வரலாறு. இரண்டாவது, எடுத்தவர் பெயரைப் புத்தகத்தின் வரிசையிலேயே எழுதி, திருப்பியதும் அழித்துவிடுவது. பக்கம் கிழிந்த புத்தகம் ஒன்று கையில் வந்தபோது இதற்கு முன் யார் எடுத்தது என்று பார்க்க என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. கோஹாவில் வெளியே இருக்கும் புத்தகங்களுக்கு ஒரு அட்டவணை, திரும்பி வந்தவற்றுக்கு இன்னொன்று. திருப்பியதும் அந்த வரி இங்கிருந்து அங்கே போகும்.

திரும்பி வந்தவற்றின் அட்டவணை நாளாக ஆக வளரும். அதில் இருப்பது ஒவ்வொரு பிள்ளையும் என்ன படித்தது என்ற கணக்கு. ஒருமுறை பொறுப்பில் இருக்கும் ஒருவர் வந்து, குறிப்பிட்ட ஒரு மாணவி என்னென்ன புத்தகம் எடுக்கிறார் என்று பட்டியல் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வரிகளில் பெயரை நீக்கிவிடுகிறேன். கோஹாவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒரு புத்தகத்தைக் கடைசியாகத் திருப்பியவர் யார் என்பதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளும் அமைப்பும் இருப்பதால் கிழிந்த பக்கத்துக்குப் பதில் தேடவும் முடியும். ஒரு பெண் என்ன படிக்கிறாள் என்பது அவளுடைய விஷயம். அதைக் காப்பது நூலகரின் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி அபராதம். நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்பது சின்னத் தொகைதான். என் மென்பொருளில் உச்சவரம்பு இல்லை. 150 ரூபாய்ப் புத்தகம் ஒன்றுக்கு 900 ரூபாய்க்கு மேல் அபராதம் ஏறி நின்றது. அந்த மாணவர் புத்தகத்தையும் திருப்பவில்லை, நூலகப் பக்கமும் வரவில்லை. அப்படி ஒருவரை இழப்பதற்கா நூலகம் வைத்திருக்கிறோம்? கோஹாவின் விதிப் பட்டியலில், உறுப்பினர் வகைக்கும் புத்தக வகைக்கும் தனித்தனியாக எத்தனை புத்தகம், எத்தனை நாள், எவ்வளவு அபராதம், அதிகபட்சம் எவ்வளவு என்று போடலாம். அபராதம் புத்தக விலையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லலாம். ஆனால் புத்தகம் ஏற்றும்போதே விலையைப் பதிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். விலைக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

விடுமுறைதான் இன்னும் பெரிய தலைவலி. நவம்பரில் மழை, காலை ஏழு மணிக்குக் கலெக்டர் விடுமுறை அறிவிக்கிறார். அன்றைக்குத் திருப்ப வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? என் மென்பொருள் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் அறியும். மழை விடுமுறைக்கெல்லாம் பிள்ளைகளிடம் அபராதம் வாங்கியிருக்கிறோம். கோஹாவில் காலண்டர் இருக்கிறது. திருப்பும் தேதி விடுமுறை நாளில் விழலாமா என்பது ஓர் அமைப்பு, மூடியிருந்த நாளை அபராதத்தில் எண்ணலாமா என்பது வேறொரு அமைப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முன்பே கொடுத்துவிட்ட தேதிகள், பிறகு காலண்டரில் விடுமுறை சேர்ப்பதால் மாறாது. அதனால் மழை விடுமுறையை அன்றைக்கே, இரவில் அபராதக் கணக்கு ஓடுவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள், ஒரு நாள் சலுகையும் விதியில் வையுங்கள். 2020 மார்ச்சில் கல்லூரி மூடியபோது நான் முதலில் செய்தது அந்த இரவுக் கணக்கை நிறுத்தியதுதான். ஊர் ஊராகப் பிரிந்துபோன பிள்ளைகள் திரும்பி வந்தபோது புத்தகத்தை மட்டும் நீட்டினார்கள், ஒருவரிடமும் காசு கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் தமிழ்ப் புத்தகம் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் எக்செல்லில் இருந்தால் முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினாலும் வேலை முடியாது. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதையாவது யூனிகோடு இயல்பாக்கத்தில் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் முறையில்) தானாகச் சரிசெய்துவிடலாம். ஔகாரம் அப்படி இல்லை. "ஔவையார்" என்பதைப் பலர் ஒ போட்டு ள போட்டு "ஒளவையார்" என்று அடிக்கிறார்கள். பார்க்க வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு எழுத்துகள், எந்த இயல்பாக்கமும் சேர்த்து வைக்காது. எங்கள் நூலகத்தில் ஔவையார் நூல்கள் இரண்டு குவியலாகப் பிரிந்து கிடந்தன. பௌத்தம், மௌனம், கௌரவம் எல்லாவற்றிலும் இதே கதை. ஒள வரும் இடத்தையெல்லாம் மாற்றிவிடலாம் என்று இறங்கினால் "ஒளி" கெட்டுவிடும், ஆகவே ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலெடுத்து, கண்ணால் பார்த்து மாற்றினோம். இரண்டு பேர், நான்கு நாள். கோஹாவில் ஜீப்ரா என்ற தேடுபொறியை வைத்திருந்தால், அதில் ஐ.சி.யு. என்ற யூனிகோடு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், தமிழுக்கு அதுதான் ஒத்துவரும்.

மின்சாரம் போனால் நோட்டில் எழுதுங்கள். நேர வரிசை மாறாமல் எழுதுங்கள். ஒரே புத்தகம் ஒருவரிடமிருந்து வந்து அடுத்தவருக்குப் போயிருந்தால், பிறகு ஏற்றும்போது வரிசை புரண்டால் கணக்கே தலைகீழாகிவிடும். இரவுதோறும் எடுக்கும் காப்புப் பிரதியை வேறொரு கணினிக்கு அனுப்புங்கள், மாதம் ஒருமுறை அதைப் பழைய கணினி ஒன்றில் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

மத்திய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் ஈ-கிரந்தாலயா, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோல் போன்ற நூலக மென்பொருள்களும் இருக்கின்றன. நான் கோஹாவைச் சொல்வதற்குக் காரணம், அது நம்மைப் போன்ற சிறிய நூலகத்தில் பிறந்தது என்பதும்தான். நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்ற ஊர்ப்பகுதியின் நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், கட்டிபோ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு எழுதவைத்தது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. இன்றைக்கு மே, நவம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. நீங்களும் நானும் சந்திக்கப்போகும் சிக்கலை வேறு நாட்டில் ஒரு நூலகர் முன்பே சந்தித்து, யாராவது சரிசெய்திருப்பார்கள். ஒரு மாணவர் எழுதிய மென்பொருளுக்கு அந்த மாணவர் மட்டும்தான். அவரும் அடுத்த மே மாதம் வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்த மாணவரை விட்டுவிடாதீர்கள். எழுத ஆசைப்பட்டு வந்திருக்கிறார். பாமினியிலிருந்து மாற்றும் நிரல், ஔகாரப் பிழை தேடும் நிரல், திருப்பும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போகும் தமிழ்க் குறுஞ்செய்தி, இவையெல்லாம் உங்கள் நூலகத்துக்குக் கட்டாயம் வேண்டும், நல்ல புராஜெக்டும் ஆகும். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க அவரைக் கவுண்டரில் உட்காரச் சொல்லுங்கள்.

மாறும் நாளை மே மாதத்தில் வையுங்கள். தேர்வு முடிந்து, நோ டியூ முடிந்து, பெரும்பாலான புத்தகங்கள் ரேக்குக்குத் திரும்பியிருக்கும். வெளியே இருக்கும் சொற்பப் புத்தகங்களை மட்டும் பேரேட்டைப் பார்த்துக் கையால் ஏற்றினால் போதும். பார்கோடு ஒட்டும் வேலையை டிசம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள், 22 ஆயிரம் புத்தகத்துக்கு நீங்கள் நினைப்பதைவிட நாள் பிடிக்கும்.