நான் விஷுவல் லேர்னர், பார்த்தால்தான் புரியும். பேராசிரியர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். என் கற்றல் பாணிக்கு ஏற்றபடி அவர்கள் நடத்த வேண்டாமா?

இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, அரியர் விழுமோ என்ற பயம். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். நான் மெக்கானிக்கல் துறையில் எஸ்.ஓ.எம். (பொருட்களின் வலிமை) பாடம் நடத்தும் ஆசிரியை.

ஆளுக்கொரு பாணி இருக்கிறது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2008ல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பாணி பார்த்து நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். வீடியோ பிடிக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெண்டிங் மொமெண்ட் டயகிராமை (பீமில், அதாவது உத்தரத்தில், எந்த இடத்தில் வளைக்கும் தாக்கம் எவ்வளவு என்று காட்டும் படம்) யாராக இருந்தாலும் கையால் வரைந்துதான் பழக வேண்டும்.

எங்கள் துறையிலும் கற்றல் பாணி கேட்கும் படிவம் கொடுத்து மாணவர்களைப் பாணிவாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தோம், ஃபைலில் வைத்தோம். வகுப்பில் நான் செய்தது வேறு. ஒரு முனை சுவரில் பதிந்த கான்டிலீவர் பீம், மறு நுனியில் எடை. எங்கே முறியும்? நான் விளக்கும் முன்பே எல்லோரும் விடையைத் தாளில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதாட வேண்டும். அப்புறம் மறுபடி யோசித்து, தன் விடைக்குக் கை தூக்க வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்குக் கொண்டுவந்த முறை இது. முதலில் நிறையப் பேர் எடை தொங்கும் நுனி என்றார்கள். "எடையிலிருந்து தூரம் கூடக்கூட மொமெண்டும் கூடுதுடா, சுவரோரம்தான் முறியும்" என்று பக்கத்துப் பையனுக்குப் பேசியே புரியவைத்தவன், படிவத்தில் விஷுவல் என்று டிக் அடித்தவன்.

அந்த செமஸ்டர் ஃபீட்பேக்கில் வந்தது: "மேடம் நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்." ரொம்ப வலித்தது. ஹார்வர்டில் 2019ல் வெளியான ஆய்விலும் இதேதான். தாங்களே செய்து கற்ற இயற்பியல் மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள், தேர்வில் கூடுதலாக வாங்கினார்கள்.

பிபிடி ஸ்லைடுகளை வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ளவர்களுக்கு வேண்டிய வசதி தனி விஷயம், அதைக் கட்டாயம் செய்து தர வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இடிப்பது பாணி இல்லை, ஆங்கிலம். அதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, நீங்கள் வீடியோ பாருங்கள். முடிந்ததும் மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத் தாளில் போடுங்கள். எங்கே சிக்குகிறதோ அதைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கேளுங்கள். ஃபீட்பேக் எழுதும்போதும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் எங்களுக்கு இன்க்ரிமென்ட் போடுகிறார்கள். அதனாலேயே எங்கள் துறையில் பாதிப் பேர் நோட்ஸ் டிக்டேட் பண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.