மீன்பிடிக்க நேரமும் பணமும் மிச்சம் வைக்கும் வேலை எது?

கேட்டிருப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிறுவயதிலிருந்து தூண்டில் போடுகிறவர். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தண்ணீர்க் கரைக்குப் போக நேரமும், நல்ல ராடும் ரீலும் வாங்கப் பணமும் தருகிற வேலை எது என்று கேட்கிறார். வீட்டில் இதைச் சொன்னால் திட்டுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, எனக்கு 41 வயது. இதே கேள்வியை இருபத்தியிரண்டு வயதில் எனக்குள் கேட்டுக்கொண்டு, தப்பான விடையோடு ஏழு வருடம் ஓட்டினேன். இப்போது தூத்துக்குடியில் ஓர் இரசாயன ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டர். வருடத்துக்கு நூறு நாளுக்குக் குறையாமல் தூண்டில் போடுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தூண்டில் பழக்கியது தாய்மாமா. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணியில். மூங்கில் கம்பு, தங்கூசி (நைலான் நரம்பு), மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை லேசாக நடுங்கினால் கெண்டை மோந்து பார்க்கிறது, சாய்ந்து ஓடினால் கெளுத்தி என்று மாமா காதோரம் மெதுவாகச் சொல்வார். அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்புறம் வேறு எந்த விளையாட்டும் பிடிப்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

படிப்பு முடித்ததும் சென்னைக்குப் போனேன். சிறுசேரியில் சாப்ட்வேர் சப்போர்ட் வேலை. சம்பளம் நன்றாகவே இருந்தது. முதல் வருடமே ஷிமானோ ரீல் வாங்கினேன். முட்டுக்காடு உப்பங்கழி அங்கிருந்து பக்கம்தான், அதில் கொடுவா மீன் உண்டு. பணம் இருக்கிறது, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்கான வேலை. மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் விடியற்காலை மூன்று மூன்றரைக்குத்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். கொடுவா வேட்டையாடும் நேரங்கள் இரண்டு: பொழுது விடிகிற நேரமும், பொழுது சாய்கிற நேரமும். ஒன்றில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், இன்னொன்றில் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடம்பு ராத்திரிக் கணக்கிலேயே இருக்கும். ஏழு வருடத்தில் முட்டுக்காட்டில் நான் தூண்டில் போட்ட நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம், முப்பதைத் தாண்டாது.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதைவிட, எந்த நேரம் மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். மீனுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. நம் வேலையின் கடிகாரம் அதோடு எங்கேயாவது பொருந்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 52. எங்கள் தூத்துக்குடிக் கடலில் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை காற்றுப் பேயாக அடிக்கும். தண்ணீர் கலங்கி, லூர் (மீன் மாதிரி செய்த செயற்கை இரை) எறிந்தால் நம் காலடியிலேயே விழும். அதில் பன்னிரண்டு பதினான்கு ஞாயிறு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில போகும். மிச்சத்தில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வருகின்றன. அப்புறம் நிலா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், அட்டமி நவமியில் மந்தம். ஏற்றவற்றமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நல்ல ஏற்றம் இருக்க வேண்டும் என்று கடலுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கடைசியில் கையில் நிற்பது பதினைந்து ஞாயிறு. அதனால்தான் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் வேலை என்பது, கேட்க நல்ல வேலையாக இருந்தாலும், தூண்டில்காரனுக்கு அவ்வளவு நல்லதில்லை என்கிறேன்.

சரி, என் இப்போதைய வேலைக்கு வருகிறேன். மூன்று ஷிப்ட். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு, பி ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து, சி ஷிப்ட் பத்திலிருந்து காலை ஆறு. வாரத்துக்கு ஒன்றாக மாறும். ஏ ஷிப்ட் வாரத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, நான்கு மணிக்குக் கரைக்குப் போய்விடலாம், இருட்டும் வரை நிற்கலாம். பி ஷிப்ட் வாரம்தான் எனக்குத் திருவிழா. காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஒன்பது வரைக்கும் என் நேரம், அப்போதும் வேலைக்குப் போகுமுன் நிதானமாகக் குளித்துச் சாப்பிட முடியும். ஆக மூன்று வாரத்தில் இரண்டு வாரம் மீனின் நேரத்தில் நான் கரையில் இருக்கிறேன். சென்னையில் வாங்கியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த சம்பளத்துக்குத்தான் இங்கே சேர்ந்தேன். இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

சி ஷிப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு அப்படியே கடலுக்குப் போகலாம் என்று தோன்றும், ஆறு மணிதானே என்று கால் இழுக்கும். போகாதீர்கள். 2016இல் நான் அப்படிப் போய், தூண்டில் வளைவுப் பாறையில் (கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் போட்ட கற்கள்) பாசி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நல்ல வேளையாகக் கடல் பக்கம் விழாமல் உள்பக்கமாக விழுந்தேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து சி ஷிப்ட் வாரம் தூக்கத்துக்கும் குடும்பத்துக்கும் மட்டும்தான்.

ஷிப்ட் வேலையில் இன்னொரு வசதி, மாற்றிக்கொள்ளலாம். தீபாவளி, பொங்கல் அன்றைக்கு வேலைக்கு வர யாருக்கும் மனசு இருக்காது. நான் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பதிலுக்குத் தை, மாசி அமாவாசையை ஒட்டி எனக்கு வேண்டிய நாட்களைக் கூட வேலை செய்கிறவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். தை பிறந்து கடல் தெளிந்தால் பங்குனி, சித்திரை வரை கரையில் பாறை, ஊளி, கட்டா மீன்கள் கிடைக்கும் காலம் எனக்கு. அந்த மாதங்களுக்காகவே 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் விடுப்பைத் தொடாமல் வைத்திருப்பேன். தூண்டில்காரனுக்கு ஷிப்ட் இன்சார்ஜோடும் சகாக்களோடும் உள்ள நல்லுறவு, ரீலில் உள்ள நரம்பு மாதிரி. அது அறுந்தால் மீதி எதுவும் உதவாது.

மற்ற வேலைகளையும் கேட்டிருந்தீர்கள். கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளில் 14 நாள் வேலை, 14 நாள் விடுமுறை என்கிற முறை உண்டு, மும்பைக் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய்க் களத்தில் அப்படித்தான். மெக்கானிக்கல் படித்தவருக்கு வாய்ப்பும் இருக்கிறது. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், அதற்கு மேல் ஒரு தூண்டில்காரன் கேட்க முடியாது. ஆனால் கிடைப்பது சுலபமில்லை. கப்பல் வேலைக்குப் போன என் கூட்டாளி ஒருவன் ஆறேழு மாதம் கடலில் இருந்துவிட்டு மூன்று மாத விடுப்பில் வருவான். கையில் நல்ல பணம் இருக்கும். ஆனால் எந்த மாதம் இறங்குவான் என்பது அவன் கையில் இல்லை. இரண்டு முறை சரியாக ஆனி மாதம் இறங்கி, ஆடி முடிய காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வங்கி வேலையில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை உண்டு, ஆனால் தண்ணீரே இல்லாத ஊருக்கு மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆசிரியர் வேலைக்கு மே மாதம் பெரிய பலம். கடல் காற்று தொடங்கினாலும் குளங்கள் வற்றி விரால் ஒடுங்குகிற காலம் அது. ரப்பர் தவளை லூர் ஒன்று இருந்தால் போதும். குளத்தை ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், கேட்காமல் இறங்கினால் அது திருட்டு.

மீன்பிடிப்பையே தொழிலாக்கினால் என்ன என்று ஒரு எண்ணம் வரும், எனக்கும் வந்தது. தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட நன்றாக லூர் எறிவார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம். காலை ஐந்து மணிக்கே கடையைத் திறந்து, கடலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் முள்ளும் ஈயமும் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். படகில் ஆட்களை அழைத்துப்போகிற கைடு வேலையிலும் ராடு அடுத்தவர் கையில்தான் இருக்கும். மீனை விரும்புகிற, இன்னும் பிளஸ் டூவில் இருக்கிற தம்பி, தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால், தூத்துக்குடியில் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பி.எஃப்.எஸ்சி. படிக்கலாம். அது மீனைப் பற்றிய அருமையான படிப்பு. தூண்டில் போட நேரம் கிடைக்குமா என்பது அதற்கப்புறம் கிடைக்கும் வேலையைப் பொறுத்தது.

இப்போது பணம். உங்கள் வயதில் எல்லோரும் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கடனை. இந்த ஆலையில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, அக்கா கல்யாணக் கடன் என் தலையில் விழுந்தது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், அதனால் கிடைத்த ஓவர்டைமை எல்லாம் எடுத்தேன். இரண்டு வருடம். ஏ ஷிப்ட் முடிந்து பி ஷிப்டிலும் நிற்பேன். அந்த இரண்டு வருடத்தில் ராடு பரண்மேல் கிடந்தது. கடன் முடிந்த அன்று எடுத்துப் பார்த்தால் உப்பு ஏறி ரீல் சுற்றவே இல்லை, கைப்பிடி திருகாணியில் பச்சை பூத்திருந்தது. அக்காவுக்குச் செய்ததில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் என் ஆசைக்காக ஒரு கடன்கூட வாங்கவில்லை. கார் இல்லை. வீடு வாடகை வீடுதான், கடற்கரைக்கு பைக்கில் பத்து நிமிடம். மாதத் தவணை என்று ஒன்று வந்துவிட்டால், அது முதலில் தின்பது நம் விடியற்காலைகளைத்தான்.

தூண்டிலுக்கு ஆகும் செலவு அதைப் பார்த்தால் பெரிதில்லை. எனக்கு பெட்ரோல், நரம்பு, பாறையில் அறுந்துபோகும் லூர் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம், மூன்றாயிரம் ஆகிறது. ரீலை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் பல வருடம் வரும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு போட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பணத்தில் 2022இல் அந்தமான் போனேன். பாப்பர் (தண்ணீர்மேல் தெறித்து வரும் லூர்) எறிந்து, கை மரத்துப்போய், மூன்றாவது நாள் சாயங்காலம் ஒரு பெரும்பாறை மீன் தண்ணீரை உடைத்துக்கொண்டு வந்து அடித்தது. படகில் இருந்த நாலு பேரும் சேர்ந்து கத்தினோம். ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கடலில் விட்டோம். அந்த ஒரு அடிக்காக இன்னும் பத்து வருடம் ஷிப்ட் பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என் மனைவியிடம் பெண் பார்க்கப் போன அன்றே தூண்டில் கதையைச் சொல்லிவிட்டேன். வார விடுமுறை நாள் முழுக்கக் குடும்பத்துக்கு, அன்றைக்கு ராடைத் தொடமாட்டேன். மகள் பள்ளிக்கூடம் போகிற நாட்களின் காலைகள்தான் என்னுடையவை. பல வருடமாக இந்த ஏற்பாடு நிற்கிறது. கலவா மீன் கிடைத்தால் வீட்டில் எல்லோருக்கும் என்மேல் பிரியம் கூடிவிடும்.

ஆகவே தம்பி, கேம்பஸ் இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. ஷிப்ட் எப்படிச் சுழலும்? சகாக்களோடு மாற்றிக்கொள்ள விடுவார்களா? ஆலையிலிருந்து ஆறோ குளமோ கடலோ எத்தனை கிலோமீட்டர்? வேறு ஊருக்கு மாற்றுவார்களா? மெக்கானிக்கல் படித்தவருக்கு அனல்மின் நிலையம், உரம், இரசாயனம், சிமென்ட் என்று இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் ஆலைகள் எல்லாவற்றிலும் இடம் உண்டு. அவற்றில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். வீட்டில் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டாம், நிரந்தர வேலை, பி.எஃப். உண்டு, ஊருக்குப் பக்கம் என்று சொல்லுங்கள். மூன்றும் உண்மைதான்.

கடைசி செமஸ்டர் தேர்வு சித்திரையில் முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் தூண்டில் போட அந்தத் தடை இல்லை, காற்றும் அப்போது முழுதாக எழும்பியிருக்காது. அந்த நாட்களில் ஒருமுறை புன்னைக்காயல் பக்கம் போய்ப் பாருங்கள். நம் தாமிரபரணி கடலில் கலக்கிற இடம் அது. காலை ஐந்தரைக்கெல்லாம் கரையில் நிற்க வேண்டும். அது பி ஷிப்ட் வாரமாக இருந்தால், நானும் அங்கேதான் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பேன்.